உங்கள் பாட்டி வீட்டு மாமரம் உலகில் ஒன்றே ஒன்று

கடந்த மே மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு மாம்பழங்கள் இருந்தன. கடைப் பழங்களைப் போல அவை பளபளக்கவில்லை. தோலில் கரும்புள்ளிகள் இருந்தன. ஒரு பழத்தின் காம்புப் பக்கம் பால் வடிந்து காய்ந்திருந்தது. ஆனால் அந்த நான்கையும் ஏழு பேர் பங்கு போட்டுத் தின்றோம். கொட்டையைக்கூட யாரும் எறியவில்லை.

காரணம் இதுதான்: அந்த மாமரத்தில் இன்று உலகத்தில் இரண்டே இரண்டு கன்றுகள்தான் இருக்கின்றன. ஒன்று ஆயர் தாவாரில் எங்கள் வீட்டு வேலி ஓரம் நிற்கிறது. மற்றொன்று மாமா வீட்டில் இருக்கிறது. தாய் மரம் இல்லை. அது நின்ற இடத்தில் இப்போது செம்பனை வரிசையாக நிற்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்களில் பலருடைய தாத்தா பாட்டி ஏதாவது ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். லயத்துக்குப் பின்னால், கோயில் பக்கத்தில், கிராணி வீட்டு வாசலில் என்று எங்காவது ஒரு மாமரம் அவர்கள் நினைவில் இருக்கும். அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று இன்றே கேளுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொட்டை செய்யும் வேலை

எங்கள் மரத்துக்கு ‘ஆயாக் கொட்டகை மாங்காய்’ என்று பெயர். பால் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியற்காலையில் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் அது வளர்ந்தது. யாரோ தின்று போட்ட கொட்டையில் முளைத்த மரம். டவுனில் வாங்கிய மல்கோவா என்பது பெரியவர்களின் நம்பிக்கை. ஆனால் பழம் மல்கோவா மாதிரி இல்லை. மல்கோவா உருண்டை; இது சற்று நீளம். மல்கோவாவில் நார் இருக்காது. இதில் கொட்டையை ஒட்டி நார் உண்டு. மல்கோவாக் கொட்டை போட்டு மல்கோவா ஏன் வரவில்லை?

மாங்கொட்டையில் இரண்டு விதம் உண்டு. மல்கோவா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, நீலம் போன்ற பெரும்பாலான இந்திய வகைகளின் கொட்டைக்குள் ஒரே ஒரு கருதான் இருக்கும். அந்தக் கரு தாய் மரமும் மகரந்தம் தந்த மரமும் சேர்ந்து உண்டானது. அண்ணன் தம்பி ஒரே முகமாக இல்லாதது போல, அதில் முளைக்கும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரே மரத்துப் பழத்தின் பத்துக் கொட்டைகளை நட்டால் பத்துப் புது மரங்கள்.

தென்கிழக்காசிய வகைகள் பெரும்பாலும் வேறு. நம் சந்தையில் அதிகம் விற்கும் சோக் அனான், தாய்லாந்தின் நாம் டோக் மாய், நம் கம்பத்து குயினி ஆகியவற்றின் கொட்டைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் உடல் திசுவிலிருந்தே உண்டானவை. அதனால் அச்சு அசலாகத் தாயைப் போலவே வரும். ஒரு கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் கிளம்பினால் அது இந்த விதம் என்று அறியலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழம் தின்றபின் கொட்டையைக் கழுவி, ஓரத்தில் கத்தரிக்கோலை நுழைத்து ஓட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே பருப்பாக இருந்தால் ஒற்றைக் கரு. பல துண்டுகளாகப் பிரிந்து பின்னிக்கொண்டு இருந்தால் பல கரு. எங்கள் ஆயாக் கொட்டகை மாங்காயில் ஒரே பருப்புதான் இருந்தது. ஆகவே அந்த மரத்தை அதன் கொட்டையால் மீட்க முடியாது. கொட்டை போட்டால் இன்னொரு புது மரம்தான் வரும்.

தோட்டத்தில் கொட்டையில் முளைத்த பழைய மாமரங்களில் பல இப்படிப்பட்டவை. அது நல்ல பழமோ சுமாரான பழமோ, அந்த மரம் ஒரு தனி வகை. அதன் மாதிரி வேறு எங்கும் கிடையாது. நெல் விதையைக் காய வைத்துப் பல ஆண்டுகள் சேமிப்பது போல மாங்கொட்டையைச் சேமிக்கவும் முடியாது. காய்ந்தால் செத்துவிடும். மரம் உயிரோடு நிற்கும் வரைதான் அந்த வகையும் உயிரோடு இருக்கும்.

ஒரு கொட்டை உலகச் சந்தையை மாற்றியது

கொட்டையில் முளைத்த மரம்தானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். 1889-இல் இந்தியாவின் பூனாவிலிருந்து ‘மல்கோபா’ என்ற பெயரில் மா ஒட்டுக் கன்றுகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குக் கப்பலில் சென்றன. சில ஆண்டுகள் கழித்து வந்த கடும் உறைபனிக்குப் பிறகு அவற்றில் ஒரு மரம்தான் மிஞ்சியது. 1902-இல் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி கேப்டன் ஜான் ஹேடன் அந்த மரத்துப் பழங்களை வாங்கி, சுமார் நான்கு டஜன் கொட்டைகளைத் தம் நிலத்தில் நட்டார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் மனைவி புளோரன்ஸ் கன்றுகளைக் கைவிடாமல் வளர்த்தார்.

1910-இல் அவற்றில் ஒரு மரம் காய்த்தது. சிவப்பும் மஞ்சளும் கலந்த பெரிய பழம்.  அந்தப் பழத்துக்கு ‘ஹேடன்’ என்றே பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் புளோரிடாவில் தோன்றிப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியான பல சிவப்பு மாம்பழங்களுக்கு ஹேடன்தான் முன்னோடி. கணவர் போன பிறகு அந்த அம்மா, “யாருக்கு இதெல்லாம்?” என்று நிலத்தை அழித்திருந்தால் அந்தப் பழமே இருந்திருக்காது.

ஆயாக் கொட்டகை மாங்காய் ஹேடன் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்த மரம் ஹேடன், எந்த மரம் வெறும் மரம் என்பது வெட்டிய பிறகு தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

பால்மரம் சொல்லித் தந்த பாடம்

சரி, கொட்டையால் காப்பாற்ற முடியாது என்றால் வேறு வழி என்ன? நம் தாத்தாக்களுக்கு அது தெரிந்த வேலைதான்.

ரப்பரிலும் இதே சிக்கல் இருந்தது. தொடக்ககாலத் தோட்டங்களில் விதை போட்டே பால்மரம் நட்டார்கள். ஒரு மரம் கோப்பை வழிய வழியப் பால் தரும். பக்கத்து மரம் பாதிக் கோப்பைகூடத் தராது. 1910-களில், அப்போது டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவிலும் சுமத்திராவிலும், நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து இன்னொரு கன்றில் ஒட்டும் முறையை ரப்பருக்குச் செய்து காட்டினார்கள். மலாயாவும் அதைப் பின்பற்றியது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் அமைக்கப்பட்டது. அது உருவாக்கிய ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ போன்ற ஒட்டு இனங்கள் நம் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் நடப்பட்டன. ஏக்கர் ஏக்கராக நின்ற அந்த மரங்கள் எல்லாம் உண்மையில் ஒரே ஒரு மரத்தின் துண்டுகள்.

நாற்றுப் பண்ணையில் குனிந்து உட்கார்ந்து, ஒட்டுக் கத்தியால் பட்டையைக் கீறி, மொட்டை வைத்துக் கட்டியவர்களில் நம் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. எங்கள் மாமாவும் அவர்களில் ஒருவர். கம்பெனியின் மரத்துக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டியவர். தாம் பழம் தின்று வளர்ந்த மாமரத்துக்கு ஒரு ஒட்டுக்கூடக் கட்டவில்லை.

“அது எங்கடா போகப்போகுதுன்னு நெனைச்சோம்,” என்றார் ஒரு நாள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், பழைய லயங்கள் இருந்த இடத்தைச் சுத்தம் செய்யப் போவதாகத் தகவல் வந்தது. எங்களுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மாமா மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தார். கிழட்டு மரம். உயரத்தில் இலை அடர்ந்திருந்தாலும் ஒட்டுக்கு ஏற்ற இளங்குச்சிகள் கைக்கு எட்டும் கிளைகளில் ஆறுதான் கிடைத்தன. வீட்டில் சோக் அனான் கொட்டை போட்டு வளர்த்த கன்றுகள் இருந்தன. ஆறு ஒட்டுக் கட்டினார். மூன்று கருகிவிட்டன. ஒன்று துளிர்த்து, மழையில் அழுகியது. இரண்டு பிழைத்தன. அதற்குள் தாய் மரம் சாய்க்கப்பட்டுவிட்டது.

மாணவர்களும் ஒட்டுக் கட்டலாம்

இந்த வேலைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். கூர்மையான சிறு கத்தி, ஒட்டு நாடா, ஐஸ்கிரீம் ஊற்றும் நீளமான நெகிழிப்பை ஆகியவை போதும். கத்தி வேலை என்பதால் முதல் தடவை பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். மாம்பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். பட்டால் உடனே கழுவுங்கள்.

முதலில் கீழே வேர் தரப்போகும் கன்று வேண்டும். எந்த உறுதியான மாங்கொட்டையும் இதற்குச் சரி. புதுக் கொட்டையாகப் பார்த்துப் பைகளில் நடுங்கள். தண்டு பென்சில் தடிப்புக்கு வரும்போது தயார். பொதுவாக எட்டு மாதம் முதல் ஓர் ஆண்டு ஆகும். ஒன்று இரண்டு அல்ல, பத்துக் கன்றாவது வளர்த்து வையுங்கள். எங்கள் அனுபவத்தில் ஆறில் நான்கு போனது நினைவிருக்கட்டும்.

அடுத்து, பாதுகாக்க வேண்டிய மரத்திலிருந்து குச்சி எடுக்க வேண்டும். கிளை நுனியில், இலை முற்றிக் கரும்பச்சையாகி, நுனி மொட்டு சற்று உப்பி, ஆனால் இன்னும் விரியாமல் இருக்கும் குச்சியே நல்லது. வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிட்டால் மொட்டு இன்னும் உப்பும். மரம் மிகப் பழையது, இளங்குச்சியே இல்லை என்றால் முன்கூட்டியே ஒரு சிறு கிளையை வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் புதுத் துளிர்கள் வரும்; அவை முற்றியதும் எடுக்கலாம். அவசரமாகப் போய் நின்ற எங்களுக்கு இதற்குத்தான் நேரம் இல்லாமல் போயிற்று.

குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, அன்றே ஒட்டுக் கட்டிவிடுவது நல்லது. கன்றின் தலையை ஒரு சாண் உயரத்தில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பிளவு போடுங்கள். குச்சியின் அடியை இரு பக்கமும் சீவி ஆப்பு போல ஆக்கி அந்தப் பிளவில் இறக்குங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. உயிர் அங்கேதான் ஓடுகிறது. குச்சியின் படலமும் கன்றின் படலமும் ஒரு பக்கமாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். குச்சி மெல்லியது, கன்று தடித்தது என்றால் நடுவில் வைக்காதீர்கள்; ஓர் ஓரமாகத் தள்ளி வையுங்கள்.

பிறகு நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே நெகிழிப்பையைக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் துளிர் தெரியும். துளிர் வந்ததும் பையைக் கழற்றுங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். விட்டால் அவை ஒட்டை அமுக்கிவிடும். பிறகு நீங்கள் வளர்ப்பது பாட்டி வீட்டு மரம் அல்ல, வெறும் கொட்டை மரம்.

பேராக்கில் பூவைக் காப்பது

நட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் ஒட்டு மரம் காய்க்கும். கொட்டை மரம் என்றால் இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

மா நன்றாகப் பூக்க வேண்டுமானால் சில வாரம் வறட்சி தேவை. பெர்லிஸ் மாநிலத்தின் ஹாருமானிஸ் புகழ் பெற்றதற்கு அந்த வறண்ட பருவமும் ஒரு காரணம். 1971-இல் ‘எம்.ஏ. 128’ என்ற எண்ணில் விவசாய இலாகாவில் பதிவான அந்தப் பழத்துக்கு 2011-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் மஞ்சோங் வட்டாரத்தில் அப்படித் தெளிவான வறட்சி எப்போதும் அமையாது. பூத்த சமயத்தில் மழை பெய்தால் பூஞ்சை நோய் வந்து பூங்கொத்து கருகி உதிரும். எனவே மரத்தை வெயில் படும் இடத்தில் நடுங்கள். உள்கிளைகளைக் கழித்துக் காற்று புகவிடுங்கள்.

எங்கள் மரம் இரண்டு முறை பூத்து இரண்டு முறையும் மழையில் போனது. மூன்றாம் முறை பதினொரு காய் நின்றது. ஆறு உதிர்ந்தன. ஒன்றை அணில் தின்றது. மீதி நான்கும் முட்டை அளவுக்கு வந்தபோது பழைய நாளிதழால் பை செய்து கட்டினோம். பழ ஈ காயில் முட்டையிடாமல் தடுக்க இதைவிட மலிவான, மருந்தில்லாத வழி கிடையாது. படித்து முடித்த இந்தத் தாளையே அதற்குப் பயன்படுத்துங்கள்.

சுவைப்பதும் ஒரு படிப்பு

காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதி மேடாகி நிரம்பியதும் காயைப் பறிக்கலாம். கொஞ்சம் காம்போடு பறித்துக் கவிழ்த்துப் பால் வடிய விடுங்கள். அரிசி டின்னில் நான்கைந்து நாள் புதைத்து வைத்தால் வீடே மணக்கும்.

எங்கள் வீட்டில் பழத்தை வெட்டுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். பூத்த தேதி, பறித்த தேதி, எடை, நீளம், தோல் நிறம், சதை நிறம், நார், கொட்டையின் பருமன், மணம் என ஒவ்வொன்றாக எழுதினோம். பிறகுதான் சுவை. முதல் கடியில் இனிப்பு. கொட்டைப் பக்கம் போகப் போக ஒரு புளிப்பு. தோலருகே குயினியை நினைவூட்டும் ஒரு காட்டு மணம். என் பெரிய மகள், “சோக் அனான்தான் இனிப்பு,” என்று நேர்மையாகச் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டோம். முதல் காய்ப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மரம் வளர்ந்து இன்னும் இரண்டு மூன்று பருவம் பார்த்தால்தான் உண்மைச் சுவை தெரியும்.

ஆனால் பாட்டி வேறு மாதிரி சுவைத்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். “காயா இருக்கும்போது உப்பு மொளகாயோட தின்போம்,” என்றார். அடுத்து, ஆயாக் கொட்டகையில் தூளி கட்டிய உத்தரத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு யார் யார் பிள்ளை எந்தத் தூளியில் கிடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அதையும் மகள் அதே நோட்டில் எழுதினாள். மரத்தின் வரலாறு அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது.

நம் பெயரும் அதில் இருக்கிறது

மலாய்க்காரர்கள் மாவை ‘மெம்பெலாம்’ என்றும் சொல்வார்கள். அது நம் ‘மாம்பழம்’ தான். ஐரோப்பியர் போர்த்துகீசியர் வழியாகப் பெற்ற ‘மேங்கோ’ என்ற சொல்லின் வேரிலும் ‘மாங்காய்’ இருக்கிறது. அதே சமயம் இந்த மண்ணுக்கென்றே மா இனங்கள் உண்டு. பாவ், பாச்சாங், பிஞ்சாய், குயினி ஆகியவை மாவின் உறவினர்கள். பெர்மாத்தாங் பாவ், கிளந்தானின் மாச்சாங் ஆகிய ஊர்ப் பெயர்களில் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. கம்பத்தில் இந்த மரங்களைக் கண்டால் அவற்றையும் உங்கள் நோட்டில் சேருங்கள்.

இப்படி எழுதத் தொடங்கிய ஓர் ஊர் உண்டு. கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள கண்ணபுரத்தில் மிகப் பழைய மாமரம் ஒன்று வெட்டப்பட்டது. அதன்பின் ஊர்க்காரர்கள் சிலர் வீடு வீடாகப் போய், மிச்சம் இருக்கும் நாட்டு மாமரங்களைக் கணக்கெடுத்தார்கள். பெயர், சுவை, மணம் எல்லாம் பதிவாயின. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கிடைத்தன. ஒட்டுக் கன்றுகளும் கட்டினார்கள். 2020-இல் அந்த இடம் நாட்டு மாவின் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் மலிஹாபாத்தில் கலீம் உல்லா கான் ஒரே மரத்தில் 300-க்கும் மேற்பட்ட வகைகளை ஒட்டியவர். 2008-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர்.

இடம் இல்லை என்று தாமான் வீட்டுப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம். கலீம் உல்லா கான் செய்ததைச் சிறிய அளவில் செய்யலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு மாமரம் இருந்தால் அதன் ஒரு கிளையில் பாட்டி வீட்டு மரத்தின் குச்சியை ஒட்டுங்கள். ஒரே மரத்தில் இரண்டு பழம். தமிழ்ப்பள்ளியின் வளாகத்தில் ஒரு மரம் இருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு, ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிளை ஒதுக்கலாம்.

வரும் பள்ளி விடுமுறையில் செய்ய வேண்டியது இது. வீட்டுப் பெரியவரிடம் மரத்தைப் பற்றிக் கேளுங்கள். அவரையே அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டுக் குச்சி எடுங்கள். மரத்தின் படம், இடம், பெயர், பெயருக்கான கதை ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

எங்கள் நான்கு கொட்டைகளையும் மகள் பையில் நட்டிருக்கிறாள். மூன்று முளைத்துவிட்டன. அவை ஆயாக் கொட்டகை மாங்காயாக வராது என்று அவளுக்குத் தெரியும். இரண்டை ஒட்டுக்கு வைத்துக்கொண்டு, ஆயாக் கொட்டகை மரத்தின் குச்சியை அவற்றில் கட்டி இன்னும் இரண்டு கன்று ஆக்கப் போகிறோம். மூன்றாவதை அப்படியே வளரவிடச் சொல்கிறாள். அது என்ன பழம் என்று பார்க்க வேண்டுமாம். இன்னும் எட்டு ஆண்டு ஆகலாம் என்றேன். அதற்குள் எஸ்.பி.எம். முடிந்துவிடும், பரவாயில்லை என்றாள்.